பத்து மணி நேர டே கேரா, அம்மிச்சி ஊரா, வேலையை விடுவதா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவருக்கு வயது 31. ஐ.டி. நிறுவனத்தில் வேலை, கைக்கு 52,000 ரூபாய் வருகிறது. கணவர் ஒரு பம்ப் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார், 38,000. வீட்டுக் கடன் தவணை மட்டும் 21,000. மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இதுவரை மாமியார்தான் பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் முன்பு அவருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை நடந்தது. ஓடும் குழந்தையைத் துரத்திப் பிடிக்க இனி அவரால் முடியாது.

வீட்டில் நாளுக்கொரு பேச்சு. காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் டே கேரில் சேர்க்கலாம் என்கிறார் கணவர், மாதம் 9,500. "அஞ்சு வயசுக்குள்ள மூளை தொண்ணூறு சதவீதம் வளர்ந்துடும், இப்பவே அடித்தளம் போடணும்" என்று அங்கே நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். மாமியாரோ, "காசுக்காகப் பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் யாருகிட்டயோ விடணுமா?" என்கிறார். நாத்தனார், டே கேர் பிள்ளைகள் முரடாகிவிடும் என்று ஏதோ வெளிநாட்டு ஆராய்ச்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். உடுமலைப் பக்கத்தில் இருக்கும் வாசகியின் அம்மா, அதாவது குழந்தையின் அம்மிச்சி, "ஸ்கூல் சேர்க்கிற வரைக்கும் எங்கிட்ட விட்டுடு" என்கிறார். மூன்று நாள் டே கேரில் விட்டுப் பார்த்ததில், மூன்று நாளும் குழந்தை அழுதிருக்கிறாள். "அவ மனசுல காயம் ஆயிருக்குமா டாக்டர்? நான் வேலையை விட்டுடட்டுமா?" என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "பதினைந்து வார்த்தைதான் பேசுகிறாள், டே கேர் போனால் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து பேச்சு வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்."

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரிதான். டே கேர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பேச்சைக் காத்திருக்க வைக்காதீர்கள்

இரண்டு வயது முடியும்போது பெரும்பாலான குழந்தைகள் ஐம்பது வார்த்தையாவது சொல்லும். "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்க்கவும் தொடங்கியிருக்கும். இரண்டு வயது நான்கு மாதத்தில் பதினைந்து வார்த்தை என்றால் பரிசோதித்தே ஆக வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருப்பதைவிட, காதைப் பரிசோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பது மேல்.

முதலில் கேட்கும் திறன். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் கோத்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருக்கும். கதவு சாத்தினால் திரும்புகிறாளே என்று நாம் ஏமாந்துவிடுவோம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால், கேட்கும் திறனை அளக்கும் பெரா டெஸ்ட்டும் எடுங்கள். அடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா, பொம்மைக்குச் சோறூட்டுவது மாதிரி பாவனை விளையாட்டு உண்டா என்று கவனியுங்கள். இவற்றில் எது இல்லை என்றாலும் குழந்தைகள் வளர்ச்சி மருத்துவரிடம் முழு மதிப்பீடு தேவை. தனியாரிடம் செலவாகும் என்று தயங்கினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. டிஇஐசி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கட்டணம் இல்லை.

அறுவைக்குப் பிறகு மாமியார் படுத்திருந்த நாட்களில் குழந்தை கையில் போன் இருந்ததாகவும், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வரை பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன் பிறகு ஐந்து வயது வரை பெரியவர் துணையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அத்தையைக் குறை சொல்லாதீர்கள். எழுந்து நிற்கவே முடியாதவர் வேறென்ன செய்திருப்பார்? ஆனால் இன்றிலிருந்து குறையுங்கள்.

டே கேரில் விட்டால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்குக் கவலை. இந்த வயதில் குழந்தை பேசக் கற்பது பெரியவர்களிடமிருந்து. அவள் "ஆ" என்றால் "ஆமா, ஆடு, ஆடு மேயுது பாரு" என்று திருப்பிச் சொல்ல ஆள் வேண்டும். இன்னும் பேச்சு வராத பதினைந்து பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க முடியாது. பிள்ளைகள் நிறைந்த அறையில் பேசாத குழந்தை தொந்தரவு தராத குழந்தை. யாரும் அவளைத் தேடி வந்து பேச மாட்டார்கள். அவளோடு பேசுவதற்கென்று ஆள் இருக்கும் டே கேராக இருந்தால்தான் பலன்.

நோட்டீஸும் வாட்ஸ்அப்பும்

ஐந்தாறு வயதுக்குள் மூளை வளர்ந்தவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்பது சரிதான். ஆனால் அது பள்ளிக்கூடத்தில் உட்கார்வதால் நடப்பதல்ல. சோறு, தூக்கம், பேச்சு, விளையாட்டு இருந்தால் உங்கள் சமையலறையிலும் நடக்கும். இரண்டரை வயதில் ஏ பி சி டி எழுத வைக்கும் இடத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விரல் தசைகளே அதற்குத் தயாராக இருக்காது. எல்.கே.ஜி.க்கே மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் எதிலும் பின்தங்கிவிடவில்லை.

சிறுவயதுக் கல்வியின் பலனுக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் ஆய்வு, 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி. வறுமையில் இருந்த 123 குழந்தைகளில் ஒரு பாதிக்குப் பள்ளி, மறு பாதிக்கு இல்லை. போனவர்கள் பெரியவர்களான பின்னும் நன்றாக இருந்தார்கள். விளம்பரங்களில் வராத விவரம் இது: அந்தக் குழந்தைகள் மூன்று, நான்கு வயதில் போனார்கள், அதுவும் காலையில் இரண்டரை மணி நேரம்தான். அதற்கு மேல் ஆசிரியை வாரா வாரம் வீட்டுக்கே வந்து அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். பத்து மணி நேர டே கேருக்கு அதை ஆதாரமாகக் காட்டுவது நியாயமில்லை.

நாத்தனார் அனுப்பியது அநேகமாக கியூபெக் ஆய்வாக இருக்கும். கனடாவின் அந்த மாகாணம் 1997-ல் ஒரு நாளைக்கு ஐந்து டாலருக்குக் குழந்தைக் காப்பகம் என்று திட்டம் கொண்டுவந்தது. பெரும் எண்ணிக்கையில் குழந்தைகள் சேர்ந்தார்கள். பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பொருளாதார அறிஞர்கள் பின்னர் எழுதியது உண்மை. ஆனால் கூட்டம் சேர்ந்த வேகத்தில் அங்கே தரம் சேரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த இன்னொரு பெரிய ஆய்வு உங்களுக்கு இன்னும் பொருந்தும். அம்மா மட்டுமே பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்கும் பிறர் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்கும் பொதுவான வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பகத்தைவிட வீட்டின் தன்மைதான் அதிகம் தீர்மானித்தது. காப்பகம் நல்லதாக இருந்தால் மொழி கொஞ்சம் மேம்பட்டது. அங்கே கழியும் மணி நேரம் கூடக்கூட அடம், சண்டை போன்றவை கொஞ்சம் கூடின. ஆகவே மாமியாரின் பயமும் முழுக்கச் சரியில்லை, கணவரின் உற்சாகமும் முழுக்கச் சரியில்லை. எத்தனை மணி நேரம், யார் கையில் என்ற இரண்டைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்து மணி நேரம்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரைக்கு விட வேண்டுமென்றால் ஆறரைக்கு எழுப்ப வேண்டும். மாலை ஆறரைக்குக் கூட்டிவந்து, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சி, தூங்க வைக்கும்போது மணி பத்து. இரவில் எட்டரை மணி நேரம், மதியம் டே கேரில் ஒரு மணி நேரம், மொத்தம் ஒன்பதரை. உலக சுகாதார நிறுவனம் இந்த வயதுக்குச் சொல்வது 11 முதல் 14 மணி நேரம். மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் ஏறி மாலைக்குள் இறங்க வேண்டும். முழு நாள் காப்பகத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் பலருக்குப் பிற்பகலில் அது ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பயந்துவிட வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னதற்கே தரையில் புரண்டு அழுதால், அது பிடிவாதமல்ல, பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு என்று புரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

அழுகைக்கும் வருகிறேன். மூன்று நாள் அழுததால் மனதில் காயம் ஆகாது. தெரியாத இடத்தில் விட்டுவிட்டு அம்மா போனால் இரண்டு வயதுப் பிள்ளை அழுவதுதான் இயல்பு. அழாமல் போனால்தான் நான் கூடுதலாக நாலு கேள்வி கேட்பேன். ஆனால் அவளை முதல் நாளே முழு நாள் விட்டது தவறு. முதல் இரண்டு நாள் நீங்களும் கூட உட்காருங்கள். மூன்றாம் நாள் அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். அப்புறம் ஒரு மணி நேரம், மதியச் சாப்பாடு வரை என்று இரண்டு வாரத்தில் நீட்டுங்கள். பொம்மையைக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். "அம்மா ஆபீஸ் போறேன், நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.

ஊருக்கு அனுப்புவது

வீட்டில் எல்லோரும் இதைத்தான் பத்திரமான வழி என்று நினைக்கிறீர்கள். மூன்று வழிகளில் எனக்கு உடன்பாடில்லாதது இதுதான். உங்கள் அம்மாவின் பாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அம்மிச்சி வீட்டில் தோட்டம், கன்றுக்குட்டி, வாய் ஓயாமல் பேச ஆள் என்று எல்லாம் இருக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம், அதுவும் நீங்கள் கூடப் போய்ப் பழக்கிவிட்டால், நல்லதுதான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் அம்மாவும் அப்பாவும் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் என்றால், உங்களோடு இருக்கும் பிணைப்பில் விரிசல் விழ இடமுண்டு. எல்.கே.ஜி. சேர்க்க அழைத்து வரும்போது அவள் அம்மிச்சியை விட்டுப் பிரிவாள், ஊரை விட்டுப் பிரிவாள், அதே வாரத்தில் பள்ளிக்கும் போவாள். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும்போது நீங்கள் படும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குத் தொடர்ந்து பயிற்சி தேவைப்பட்டால், வாரத்தில் இரண்டு நாள் யார் கோவைக்குக் கூட்டி வருவது?

வேலையை விடுவது

குற்ற உணர்ச்சியில் ராஜினாமா எழுதாதீர்கள். பிள்ளையோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்து, கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணமும் இருந்தால் அது நல்ல முடிவு; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரியவில்லை, பயம்தான் தெரிகிறது. 38,000-த்தில் 21,000 தவணைக்குப் போனால் மிச்சம் 17,000. பணக் கவலையில் தூங்காத அம்மா பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் குழந்தைக்கு என்ன லாபம்? மாமியாரின் மூட்டு அறுவைக்கு உங்கள் கம்பெனி இன்சூரன்ஸ்தான் கைகொடுத்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "காசுக்காக" என்ற பேச்சு வரும்போது, சண்டை போடாமல், அதை ஒருமுறை நினைவூட்டலாம். உங்கள் கணவர் நினைவூட்டினால் இன்னும் நல்லது.

அவரைப் பற்றியும் கேட்க வேண்டும். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டே கேர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இருக்கிறது. உங்கள் கணவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார் என்று ஒரு வரி இல்லை. காலையில் அவர் பத்து மணிக்குக் கிளம்ப முடிந்து, நீங்கள் எட்டுக்குப் போய் ஐந்துக்குத் திரும்ப முடிந்தால், பத்து மணி நேரம் என்பது ஏழாகச் சுருங்கும்.

கம்பெனி சொன்ன சட்டம்

நான் வழக்கறிஞன் அல்ல. ஆனாலும் ஆபீஸ் குழந்தைக் காப்பகம் (கிரஷ்) பற்றி ஹெச்.ஆர். உங்களுக்குச் சொன்னது தவறு என்று தெரியும். "ஐம்பது பெண்கள் இருந்தால்தான் கிரஷ், அதுவும் கைக்குழந்தைக்கு மட்டும்" என்று சட்டத்தில் இல்லை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்த 11ஏ பிரிவு, ஆணும் பெண்ணுமாக ஐம்பது பணியாளர் இருந்தாலே கிரஷ் வசதி வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரவும் அனுமதித்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை என்று சொல்கிறது. உங்கள் ஆபீஸில் முந்நூறு பேர். தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் ஐந்தாறு பேர், அப்பாக்களும் சேர்ந்து, மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். சொந்தக் காப்பகம் கட்டச் சொல்ல வேண்டாம். பக்கத்து டே கேரோடு ஒப்பந்தம் போட்டு, கட்டணத்தில் பங்கு தரச் சொல்லுங்கள். நிறுவனங்கள் இதற்குத்தான் சீக்கிரம் இறங்கி வரும்.

என்னைக் கேட்டால்

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளே ஸ்கூல், ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. தமிழக அரசின் விதிகளின்படி அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். உங்கள் தெரு அங்கன்வாடியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். மாநிலத்தில் 54,000-க்கும் மேல் இருக்கின்றன. நல்ல டீச்சர் அமைந்த அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டும் தமிழில் நடக்கும், பேச்சு தாமதமான பிள்ளைக்கு அது பெரிய வசதி. மதியத்துக்கு மேல் வீடு. காலையில் சமையலுக்கு வரும் அக்காவை, அவர் சம்மதித்தால், பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை இருக்கச் சொல்லிச் சம்பளத்தைக் கூட்டுங்கள். ஓடுவது, தூக்குவது, கழுவி விடுவது அவர் வேலை. கதை சொல்வதும் கண் வைத்திருப்பதும் மாமியார் வேலை. அதற்கு முழங்கால் தேவையில்லை. டே கேருக்குக் கொடுக்கும் பணத்தைவிடச் சற்று அதிகம் ஆகலாம், ஆனால் தூக்கம் வீட்டில், முகங்கள் பழகியவை.

இதிலும் ஆபத்து உண்டு. அந்த அக்கா ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுவார். அதனால் டே கேர் பார்த்து வைப்பதை விடாதீர்கள். பார்க்கப் போவதானால் காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அப்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். மாலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போங்கள். மிஸ்கள் கிளம்பியிருப்பார்கள், ஒரு ஆயா இருப்பார். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து ரைம்ஸ் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால், மதிய டிபன் பாக்ஸ் பாதி நிறைந்து அப்படியே திரும்பி வந்தால், டயப்பர் கனத்துத் தொங்கினால், வேறு இடம் தேடுங்கள். ஆயா தரையில் உட்கார்ந்து, அழும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் வைத்திருந்தால் கட்டடம் பழசானாலும் பரவாயில்லை. மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒருவர் என்று தேசியக் கொள்கை சொல்கிறது; அதுவே எனக்கு அதிகமாகப் படுகிறது. ஆறு மாதத்தில் எத்தனை ஆயா மாறினார்கள் என்று கேளுங்கள். கேமரா இருக்கிறது என்பதை மட்டும் நம்பி விடாதீர்கள். டயப்பர் மாற்றுவது யார், எங்கே, கதவு திறந்திருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளே ஸ்கூலோ டே கேரோ, முதல் வருடம் மாதம் தவறாமல் சளி, காய்ச்சல் வரும். இடையில் ஒருமுறை கை கால் வாய் நோயும் வரலாம். தக்காளிக் காய்ச்சல் என்று பேர் வைத்துப் பயமுறுத்துவார்கள், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஃப்ளூ தடுப்பூசியை வருடா வருடம் போடுங்கள். காய்ச்சல் நாளில் யார் லீவு என்பதை இப்போதே எழுதி வையுங்கள்: ஒரு முறை நீங்கள், அடுத்த முறை அவர்.

எந்த ஏற்பாடானாலும் ஆறு வாரம் கொடுத்துப் பாருங்கள். விடும்போது கொஞ்சம் அழுது, பத்து நிமிடத்தில் விளையாடப் போய்விட்டால் பழகிவிட்டாள் என்று அர்த்தம். ஆறு வாரத்துக்குப் பின்னும் அங்கே சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் ஒட்டாமல் இருந்தாலோ, தெரிந்த வார்த்தைகளையே மறந்தாலோ, இடத்தை மாற்றுங்கள். மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.